மார்ச் ஒன்பது

ஜனங்கள் நினைவுகளை மண்டையில் சுமக்காமல் வீட்டுப் பெட்டியில் போட்டுவைக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஓய்வே இல்லை. டிஸ்க் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"மார்ச் ஒன்பதாம் தேதி மட்டும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குதும்மா," என்றார் அமலதாசன்.

"எனக்கும்தான்," என்றார் அவர் மனைவி பவுலின்.

"ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணுல உங்க ரெண்டு பேரு நினைவோட நகலும் இருக்கும். கவலைப்படாதீங்க," என்றபடி பெட்டியைத் திறந்தேன். இரண்டு டிஸ்க்கும் நன்றாகவே சுழன்றன. இரண்டிலும் அந்த ஒரு நாள் மட்டும் இல்லை. பெட்டியின் பதிவேட்டைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"இது பழுதில்ல. அன்னிக்குச் சாயங்காலம் முதல் டிஸ்க்ல சார் விரல் வச்சு அழிச்சிருக்கீங்க. பத்து நிமிஷம் கழிச்சு, ரெண்டாவது டிஸ்க்ல மேடம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ எதுக்கு அழிச்சே?"

"தெரியலையே. நீங்க எதுக்கு அழிச்சீங்க?"

அவருக்கும் தெரியவில்லை.

பவுலின் உள்ளே போய் மூன்று காபி கொண்டுவந்து வைத்தார். அமலதாசன் தன் தம்ளரை மெல்ல என் பக்கம் நகர்த்திவிட்டு, என்னுடையதை எடுத்துக்கொண்டார்.