அட்டைக் கதவு

தேவாலயத்தில் போடும் பத்துக் கன்னியர் உவமை நாடகத்தில் போன வருடமும் நான்தான் மணவாளன். எண்ணெய் தீர்ந்து, பிந்தி வந்து கதவைத் தட்டும் ஐந்து கன்னியரில் ஒருத்தியாக, ஆள் குறைந்ததால், என் மனைவி ஜெபக்கனி நடித்தாள். கதவைத் திறக்காமல், உங்களை எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல வேண்டும். அதற்குள் அட்டைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏங்க, விளக்குலயும் ஒண்ணுமில்ல, வயித்துலயும் ஒண்ணுமில்ல. தொறங்க" என்றாள். திறந்துவிட்டேன். சபையே சிரித்தது.

"நியாயத்தீர்ப்பையே மாத்திட்டீரே, தம்பி!" என்றார் போதகர்.

பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்தபோது, "அங்க கதவு தொறந்துதான் இருக்கும், தம்பி" என்றார் அவரே.

இந்த வருடமும் அதே வேடம். கதவைத் தட்டினார்கள். வசனம் மறக்கவில்லை. திறந்தேன். ஐந்து பெண்களும் தயங்கி உள்ளே வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஐவரும் வந்த பிறகும் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.