ஆறு விரல்

டெல்மர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து ஆறு விரல் காட்டினான்.

எதிரே இறங்கி வந்த நான்கு வண்டிகள், பாதை கொஞ்சம் அகன்ற இடத்தில் அவர்களுக்காக ஒதுங்கி நின்றிருந்தன. முதல் வண்டியிலிருந்த தாடிக்காரன் விரல்களை எண்ணிவிட்டுத் தலையாட்டினான்.

கொலராடோ மலைகளில் அது எழுதாத சட்டம். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாதையில் கூட்டமாகப் போனால், முன்னால் போகிறவன் எதிரே நிற்பவனுக்கு விரலால் சொல்ல வேண்டும்: எனக்குப் பின்னால் இத்தனை வண்டி. அத்தனையும் கடந்த பிறகுதான் எதிராளி நகர்வான். அந்த விரல்களை நம்பித்தான் இறங்குவான்.

டெல்மருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவை ஏழு.

ஏழாவதை அவன் வண்டி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ ஏறக்குறைய அப்படியே இருந்த வெள்ளை பிக்கப். உயரம் ஏற்றவில்லை, இழுவைக் கருவி இல்லை. டயர் மட்டும் கொஞ்சம் முரடு, அடியில் பாறை இடிக்காமலிருக்க ஓர் இரும்புத் தகடு. அவ்வளவுதான்.

டெல்மரின் ஜீப் அப்படியா? கூரையில் கூடாரம், முகப்பில் பன்னிரண்டு விளக்கு, பக்கவாட்டில் ஏணி, பின்னால் மண்வெட்டி. மண்வெட்டியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூட இன்னும் கிழியவில்லை.

காலையில் அடிவாரத்தில், பாறையில் பிடிமானம் கிடைக்க எல்லோரும் டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளை வண்டியும் வந்து கடைசியில் நின்றது. டெல்மர் ரேடியோவை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"காய்கறி வாங்கப் போற வண்டியெல்லாம் மலையேற வந்துடுச்சுப்பா. முட்டை ஒடையாம பாத்துக்கச் சொல்லுங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். வெள்ளை வண்டியிலும் ரேடியோ இருந்தது. பதில் வரவில்லை.

விஷயம் இதுதான். ஒரு முறைகூட யாரும் கயிறு கட்டி இழுக்காமல் உச்சி வரை ஏறிவிட்டால், அந்த ஆளை டெல்மரின் மலைவண்டிக் கிளப்பில் சேர்த்தாக வேண்டும். சட்டத்தை எழுதியவன் டெல்மர்தான். எழுதும்போது இப்படியொரு வண்டி வந்து தொலைக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

மதியத்துக்குள் வெள்ளை வண்டி மூன்று பாறைப் படிகளை ஏறிவிட்டது. ஒவ்வொரு படியிலும் நிற்கும். கதவு திறக்கும். கல்லைச் சுற்றி ஒரு நடை. பிறகு டயரை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து, அலுங்காமல் ஏறும்.

அதே மூன்றாவது படியில்தான் டெல்மரின் பின்பக்கத் தகடு கிழிந்து தொங்கியது. வழக்கமாக அவன் வண்டிக்கு முன்னால் நடந்து கைகாட்டும் ஆள் இன்று இல்லை. பழியை அவன் கல்லின் மேல் போட்டான்.

உச்சிக்கு இன்னும் இரண்டே வளைவு.

அதனால்தான் ஆறு.

ஆறாவது வண்டி கடந்ததும் தாடிக்காரன் இறங்கத் தொடங்கினான். மற்ற மூன்றும் பின்னாலேயே போயின. மேலே வண்டியை நிறுத்திக்கொண்டு டெல்மர் கண்ணாடியில் பார்த்தான். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் நானூறு அடிப் பள்ளம், நடுவே ஒரு வண்டி அகலம். வளைவுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வண்டி ஏறிக்கொண்டிருக்கும்.

ஹார்னை ஒரு தட்டுத் தட்டினால் போதும், நின்றுவிடுவார்கள்.

தட்டவில்லை. தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வதில் அவனுக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை. யாரும் விழப்போவதில்லை. எதிரெதிரே நிற்பார்கள். நான்கு வண்டிகளால் அந்த மேட்டில் பின்னோக்கி ஏற முடியாது, வெள்ளை வண்டிதான் பின்னால் இறங்க வேண்டும். பாதியில் மாட்டிக்கொண்டு ரேடியோவில் கூப்பிடும். அவன் நிதானமாக நடந்துபோய்க் கயிறு கட்டுவான். கிளப் கனவு அங்கேயே முடிந்துவிடும்.

"டெல்மர், கொஞ்சம் வாயேன்" என்று வெள்ளை வண்டி கூப்பிட வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

பத்து நிமிடம் போயிற்று. உப்புக்கண்டம் ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று விழுங்க மறந்தான். பதினைந்து நிமிடம் ஆயிற்று. பள்ளத்தின் ஆழம் இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல அவனுக்குப் பயம் வந்தது, நிஜமான பயம்.

ரேடியோ கரகரத்தது. தாடிக்காரன்.

"ஏங்க, ஆறுன்னு காட்டிட்டுப் போனீங்க, ஏழாவதா ஒரு அம்மா வளைவுல வந்து நிக்கிறாங்க. முன்னூறு அடி ரிவர்ஸ்லயே இறங்கி எங்களுக்கு வழிவிட்டாங்க. கைகாட்டட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க. யாரு அவங்க? எதுக்கு எண்ணாம விட்டீங்க?"

டெல்மர் மைக்கை எடுத்தான்.

அவனுக்கு அடுத்த வண்டியிலிருந்த லோவெல்தான் பேசினான்.

"அது ரொவீனாங்க. டெல்மரோட சம்சாரம்."

மலையிலிருந்த அத்தனை வண்டிகளிலும் அது கேட்டது.

பிறகு, அன்றைக்கு முதல் முறையாக, அவள் குரல் வந்தது. அதில் கோபம்கூட இல்லை.

"எனக்காக யாரும் நிக்க வேணாம் லோவெல். நான் அவரு கணக்குல இல்ல. நீங்க போங்க, நான் மெதுவா ஏறி வந்துக்கிறேன்."

கிளம்பலாம் என்று டெல்மர் கியரைப் போட்டான்.

பின்னால் லோவெல் எஞ்சினை அணைத்தான். அடுத்த வண்டியும் அணைந்தது. அதற்கடுத்ததும்.

ஆறும் அணைந்த பிறகு, கீழே ஒரு வண்டி முதல் கியரில் ஏறி வரும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.