பதினாலு வோல்ட்

டிக்கி திறந்திருக்கிறது. உள்ளே சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிகிறது. சோதனைச் சத்தம் ஓடுகிறது, ஆனால் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி வைத்திருப்பதால் எதுவும் கேட்கவில்லை. கார்க்கார மச்சினன் டிக்கிக்குள் குனிந்து நிற்கிறான். போன மாதம் அக்கா புருஷன் கருக்கிய ஸ்பீக்கரின் வாடை சீட்டை விட்டு இன்னும் போகவில்லை. இப்போது இருப்பது புது ஜோடி. பதினாலு வோல்ட்டைத் தாண்டினால் இதுவும் கருகும். வோல்ட் அளக்கும் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அவன் ஆம்ப்பில் அழுத்திப் பிடித்திருக்கிறான். வியர்வையில் ஒன்று வழுக்குகிறது. மீட்டர் அக்கா கையில். ஸ்க்ரூ டிரைவர், தானே தனக்கு நிபுணர் பட்டம் கொடுத்துக்கொண்ட அத்தான் கையில்.

"எவ்வளவு?" என்கிறார் அத்தான். "சைபர்ங்க," என்கிறாள் அக்கா. அத்தான் ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டும் திருகை இன்னும் திருப்புகிறார். சைபர். கடைசிவரை திருப்புகிறார். சைபர். "மீட்டர் செத்துப்போச்சு மாப்ள. நமக்கெதுக்கு மீட்டர்? காது இருக்கு," என்று ஸ்பீக்கர் வயரை எடுக்கிறார்.

"அத்தான், வேணாம்..."

வயர் நுனி ஆம்ப்பை நெருங்குகிறது. அக்கா மீட்டரை வெளிச்சத்தில் சாய்க்கிறாள். "ஏங்க, இது பேட்டரி பாக்குற பக்கம்ல நிக்குது? பாட்டுக்கு வேற பக்கம்னு நேத்து ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தீங்களே?" மீட்டரின் குமிழைத் திருப்புகிறாள். முப்பத்தொரு வோல்ட்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்கிறார் அத்தான். குரலில் கம்பீரம் குறையவில்லை. வயரை மட்டும் மெல்லப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்.