துண்டில் இறங்கிய பனி

தை பிறந்தும் பனி இறங்கவில்லை. நெல் அறுப்பதற்கு முன்பே ஈர வயலில் விதைத்த உளுந்து, இனி பனியைக் குடித்துத்தான் பிழைக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. தருமையன் தினமும் பொழுது சாயும்போது வரப்பில் தன் துண்டை விரித்துவிட்டுப் போவான், விடிந்ததும் வந்து பிழிந்து பார்ப்பான். மற்ற வருடங்களில் தண்ணீர் முழங்கை வரை ஒழுகும். இந்த வருடம் துண்டு மொடமொடவென்று கிடந்தது.

“அதுல நாலு கருவாட்டப் போட்டு வையி மாப்ள, அதாவது நல்லாக் காயும்” என்று அடுத்த வயல் வைரக்கண்ணு சிரித்தார்.

மறுநாள் காலை துண்டு நனைந்திருந்தது. தருமையன் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டான். பிறகு குனிந்து உளுந்தைத் தொட்டான். இலை காய்ந்து சுருண்டிருந்தது. வரப்புப் புல்லிலும் ஒரு சொட்டு இல்லை. புழுதியில் குடம் வைத்த வட்டம் மட்டும் ஈரமாகத் தெரிந்தது. தூரத்தில் அவன் மனைவி அஞ்சலை இந்தப் பக்கம் திரும்பாமல் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

வைரக்கண்ணு ஓடிவந்து துண்டைப் பிடித்துப் பார்த்தார். “அடேய், இறங்கிருச்சா!” தன் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நம்ம வயலுக்கும் வந்துரும்ல மாப்ள?”

“வந்துரும் மாமா.”

அன்று பொழுது சாய, வைரக்கண்ணுவும் தன் வரப்பில் ஒரு துண்டை விரித்துவிட்டுப் போனார்.

விடியுமுன் அஞ்சலை சத்தமில்லாமல் குடத்தை எடுத்தபோது, தருமையன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“ஒண்ணு பத்தாது” என்றான். “இன்னொரு குடம் எங்க?”