அரிசி டிரம்முக்குப் போய்வந்த நாவல்

நூலக அலமாரிக்குத் திரும்பி வந்த அந்தக் கறுப்பு அட்டைப் பேய் நாவலின் பக்கங்களுக்கு நடுவே நாலைந்து அரிசி சிக்கியிருந்தது. பக்கத்தில் இருந்த பொன்மொழித் தொகுப்பு முகம் சுளித்தது.

"இதென்ன கோலம்?"

"வனஜா வீட்டில் இருந்தேன்," என்றது நாவல். "கிணற்றுக்குள்ளிருந்து கை நீளும் இடம் வந்ததும் 'ஐயோ!' என்று அலறி, என்னை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். போதாக்குறைக்கு மூடிமேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தாள்."

"அடப்பாவமே! போன வீட்டில் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். உன்னை ஒருத்தருக்கும் பிடிக்கவில்லையே!"

"நானும் அப்படித்தான் நினைத்து உள்ளே கிடந்து அழுதேன். ஆனால் உலையில் சோறு வேகிறதற்குள் மேலே குழவி நகரும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து, மீதிக் கதையைப் படிக்க அரிசிக்குள் கையை விட்டு என்னைத் துழாவினாள். அந்தக் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வந்தது. அவள் நன்றாக இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, அரிசி உதிர்ந்துவிடாமல் நாவல் தன் பக்கங்களை இறுக்கிக்கொண்டது.

பொன்மொழித் தொகுப்பு அந்த அரிசியையே பார்த்தது. பிறகு, யாரும் புரட்டாததால் மடிப்புக் கலையாத தன் பக்கங்களை மெல்லத் திறந்து கேட்டது:

"எனக்கு ஒரே ஒரு அரிசி தருவாயா?"