பேர் போட்ட பை

"கயலு, நீயும் இங்கயே குந்து. உன் எதிர்லயே பேசிடலாம்" என்றார் தணிகாசலம்.

நந்தனம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் நெடுஞ்செழியன், அவர் மனைவி ரத்னா, மகள் கயல், கயலுக்குப் பேசி முடித்திருந்த அறிவு, அறிவின் தந்தை தணிகாசலம். காபியை ஒருவரும் தொடவில்லை.

"இன்னாங்க, சுத்தி வளைக்காம கேட்டுடறேன். நீங்க ரகசியமா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினீங்கன்னு பேசிக்கிறாங்க. நெசமா?"

நெடுஞ்செழியன் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்தார். "யார் பேசிக்கிறாங்க?"

"கொட்டிவாக்கம் பீச்சுல குப்பை பொறுக்குற பசங்கதான். உங்க பொண்ணு, என் புள்ள எல்லாம் ஒரே குரூப்பு."

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடலோரத்தில் எடுக்கும் பிளாஸ்டிக்கில் பெயர் அச்சடித்திருந்தால், அதை அந்தப் பெயருக்கு உரியவரிடமே திருப்பிக் கொடுத்து, இனிமேல் துணிப்பை கொடுங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். மிட்டாய்க் கடை, ஜவுளிக் கடை, கல்யாண வீடு, எதுவும் தப்பாது. போன ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது ஒரு தாம்பூலப் பையின் மேல்பாதி.

"மணலைத் தோண்டித்தான் எடுத்தோம் மாமா. கயல் அன்னிக்கு வரல" என்றான் அறிவு, தரையைப் பார்த்தபடி. "மணமகன் மா. நெடுஞ்செழியன், பி.காம்., நந்தனம்னு போட்டிருக்கு. கீழ்ப்பாதி கிழிஞ்சு போச்சு. பொண்ணு பேரும் இல்ல, தேதியும் இல்ல."

தணிகாசலம் அந்தப் பையை மேசைமேல் வைத்தார். சிவப்பில் இரண்டு கிளிகள், கீழே பெயர்.

"எழுத்து கொஞ்சங்கூட மங்கல. போன மாசம் அடிச்ச மாதிரி பளபளன்னு கீது. இந்தப் பேரு, இந்தப் படிப்பு, இந்த ஏரியா. வேற யாருங்க?"

"அப்பா, ஒரு தடவ பாருங்களேன்" என்றாள் கயல்.

"திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். என் வீட்டுக்கே வந்து என்னைச் சந்தேகப்படுறவங்களுக்கு நான் எதுக்கு விளக்கம் சொல்லணும்? வேண்டாம்னா சம்பந்தத்தை நிறுத்திக்குங்க."

"ரோஷப்பட்டா ஆச்சா? 'பொண்ணுக்கு எத்தினி அம்மா'ன்னு என் தங்கச்சி ஊட்டுக்காரரு கேக்குறாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

கயலின் கண்கள் கலங்கின. அறிவுக்குப் பொறுக்கவில்லை.

"வுடு நைனா. மாமா எத்தினி கல்யாணம் பண்ணா எனக்கு இன்னா? நான் ஒண்ணுதான் பண்ணிக்கப் போறேன்."

"நீ வாய மூடு!" என்றார்கள் இரண்டு அப்பாக்களும் ஒரே நேரத்தில்.

ரத்னா கிழிந்த பையைக் கையில் எடுத்துக் கிளிகளைப் பார்த்தாள். எழுந்து அறைக்குள் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. துணிமணிகளை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்றே தணிகாசலம் நினைத்தார். நெடுஞ்செழியனின் முதுகு முதல்முறையாகச் சற்றே வளைந்தது.

ரத்னா திரும்பி வந்தபோது, அவள் கையில் முகூர்த்தப் புடவையை வைத்திருந்த பை இருந்தது. அதைக் கிழிந்த பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே இரண்டு கிளிகள், அதே எழுத்து. இது மட்டும் முழுசாக இருந்தது. கீழ்ப்பாதியை அறிவு வாய்விட்டுப் படித்தான்.

"மணமகள் செல்வி ரத்னா. நாள்: 5-2-1995."

"ரெண்டாங் கல்யாணமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் ரத்னா. "அது எங்க கல்யாணப் பைதான். முப்பது வருஷமா கடல்ல மக்காம கெடக்குது."