பேராசிரியர் போட்ட கோடு

காலை ஆறரைக்குச் சைரகான் அக்கா ஈரத் தலையோடும் சோப்பு வாசனையோடும் என் முன்னால் வந்து நின்றாள்.

அவள் மார்பில் ஒரு கோடுகூட இல்லை. தேய்த்த தேய்ப்பில் தோல்தான் சிவந்திருந்தது.



அந்தக் கோடுகளைப் போட்டவர் எங்கள் பேராசிரியர் ஜானிபெக் ஒமுரோவிச். அறுவை சிகிச்சையில் தன் கையைப் போல் ஒரு கை பிஷ்கெக்கில் வேறு யாருக்கும் இல்லை என்று நம்புகிறவர். முந்தின மாலை, மாணவர்கள் சூழ, அவளை நிற்க வைத்துப் போட்டார். கழுத்துக்குழியிலிருந்து நேர்கீழே ஒன்று. காறை எலும்பின் பாதியிலிருந்து ஒன்று. புற்றுநோய்க்காக எடுத்துவிட்ட வலது மார்பு இனி எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு வளைவு.

அத்தோடு விட்டாரா? நன்றாக இருந்த இடது மார்பிலும் போட்டார். அதையும் தூக்கித் தைத்து, இரண்டையும் இருபது வயதுக்குக் கொண்டுபோவாராம். அல்மாத்தி மாநாட்டில் காட்டப் புகைப்படம் வேண்டுமே.

அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. இடது மார்பைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இதைத் தொடாதீங்க. இதுக்கு ஜோடியா ஒண்ணு இருந்தா போதும். நான் மறுபடியும் பொதுக் குளியல்கூடத்துக்குப் போகணும். அங்க என் வயசுப் பொம்பளைங்க பேச்சை நிறுத்திட்டு என்னைப் பாக்கக் கூடாது."

பேராசிரியர் மாணவர்களைப் பார்த்துச் சிரித்தார். "சும்மா கிடைக்கிற இளமையை வேண்டாம்ங்கிறாங்க, பாருங்க!" பிறகு இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவரான என்னிடம், "காலை வரைக்கும் இந்தக் கோடுங்க உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கல்யாண விருந்துக்குக் கிளம்பிப் போனார்.

இப்போது என் பொறுப்பு சாக்கடையில் போய்விட்டது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"கத்திக்கு முன்னால படுக்கப் போறேன். குளிச்சு, தொழுகைக்கு முன்னால கை கால் முகம் கழுவுற மாதிரி ஒளு எடுக்காம போகச் சொல்றியா, பொண்ணே?"

அதற்கு மேல் எங்கள் ஊரில் யார் வாயைத் திறக்க முடியும்? கதவைச் சாத்திவிட்டுப் பேனாவை எடுத்தேன். அவளை நிற்க வைத்தேன். படுத்தால் சதை சரிந்து அளவெல்லாம் மாறிவிடும். கழுத்துக்குழியைத் தொட்டு நடுக்கோட்டை இழுத்தேன். வளைவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவர் எவ்வளவு உயரத்தில் போட்டிருந்தார் என்று நினைவில்லை.

"எங்க வேணும், அக்கா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாதக்கணக்கில் எத்தனையோ பேர் அந்த மார்பைப் பற்றிப் பேசியிருந்தார்கள். இதை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. இடது மார்பின் அடிமடிப்பில் விரலை வைத்தாள்.

"இதுக்கு நேரா."

அப்படியே போட்டேன். இடது பக்கம் பேனாவைக் கொண்டுபோகவே இல்லை.

எட்டு மணிக்குப் பேராசிரியர் வந்தார். விருந்து இன்னும் கண்ணில் இருந்தது. குனிந்து பார்த்தார்.

"பாத்தீங்களா? ராத்திரி முழுக்க அப்படியே நிக்குது. இதுக்குப் பேருதான் கை!"

ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள். "இடப்பக்கம் ஒண்ணுமே இல்லையே, ஜானிபெக் ஒமுரோவிச்?"

"வேணும்னா நான் போட்டிருக்க மாட்டேனா?"

முகமூடி இருந்ததால் நான் பிழைத்தேன்.

கோடு போட்ட இடத்திலேயே மார்பு உட்கார்ந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மதியம் நடையில் அக்காவின் கணவர் தெமிர் தேநீர்க் கிண்ணத்தைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கே அழுகை வரும்போல மகிழ்ச்சியாக இருந்தது.

"நல்லபடியா முடிஞ்சது, அண்ணே. அவங்க கேட்ட மாதிரியே. காலையில குளிச்சு ஒளு எடுத்துட்டுல்ல உள்ள போனாங்க? அல்லா கைவிடல."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யாரு, சைரகானா? சோவியத் காலத்துல, கடவுள் இல்லைன்னு காலேஜுல பாடம் எடுத்தவ அவ. ஒளு எப்படி எடுக்கறதுன்னே அவளுக்குத் தெரியாதே, பொண்ணே!"